நடுக்கோடையில் இறங்கிய பனி

லெம்பி காங்காஸின் டிராக்டர் வாசலிலிருந்து அள்ளி வீசிய பனி அந்தக் குளிர்காலம் முழுவதும் தரைக்குத் திரும்பவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு வானத்துக்குப் போனது, அவள் வீட்டுக் கூரைக்கு நாற்பதடி உயரத்தில் வெள்ளையாக நின்றுகொண்டது. அடுத்தடுத்து வீசியதும் போய் அதனோடு சேர்ந்தது. மிஷிகனின் வடகோடியில் இருக்கும் லெஹ்டோலாவில் வருடத்துக்கு இருபதடி பனி விழும். கொட்ட இடமில்லாமல் ஊரே திண்டாடும்போது ஒருத்தியின் பனி மட்டும் மேலேயே தங்கியதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சிலருக்கு வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

லெம்பி முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கணவன் ஆஸ்கர் இறந்தபின், கோழிக்கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடிப்பிடித்து உயிர்கொடுத்து, குளிர்காலத்தில் பனி தள்ள வைத்திருந்தாள். முதல் டிராக்டரை ஓட்டிய அன்றே வம்பு வந்தது. காற்று திரும்ப, அவள் வீசிய பனி பக்கத்து வீட்டு சவுனாவின் கதவை மூடிவிட்டது. அந்த நீராவிக் குளியலறைக்குள் இருந்தவன் ஆஸ்கரின் தம்பி ரெய்னோ. ஒரு மணி நேரம் கத்திப் பார்த்துவிட்டுச் சிறிய ஜன்னல் வழியே பிறந்தமேனியாக வெளியே குதித்தான். பிங்கோ ஆடிவிட்டு வந்த பெண்களின் வேன் அந்நேரம் பார்த்து அந்த வழியே போயிற்று. அன்று நின்ற பேச்சு ஒன்பது வருடம் ஆகியும் திரும்பவில்லை. அந்தச் சாலையில் லெம்பிக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் ரெய்னோதான். இன்னொரு முறை பனி அவன் பக்கம் போனால் உறவு அடியோடு அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் 1961ஆம் வருடத்து எட்டுக் குதிரைச் சக்தி டிராக்டரைச் சரிசெய்தபோது, பனி வீசும் குழாயை உயரமாக வைக்க நினைத்தாள். இறுகிப்போன பிஸ்டனுக்கு ஸ்பார்க் பிளக் துளை வழியே மூன்று வாரம் எண்ணெய் ஊற்றினாள். கார்புரேட்டரை ஊறவைத்துக் கழுவினாள், சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டினாள். உயரமான குழாய் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், ஆஸ்கர் போனபின் பூட்டியே கிடந்த அவனுடைய சவுனாவின் புகைபோக்கியைக் கழற்றி மாட்டிவிட்டாள். சவுனாவைக் கோயில் மாதிரி பார்க்கும் அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம் அது. இருபத்தாறு வருடம் புகையை மேலே அனுப்பியே பழகிய குழாய், பனியையும் அப்படியே அனுப்பியது.

வசந்தம் வந்தது. ஏரி உருகியது, மேலே நின்ற பனி உருகவில்லை. ஜூன் நடுவில் ரெய்னோ வேலியோரம் வந்து நின்றான்.

"அண்ணி, உங்க பனி என் உருளைக்கிழங்குக்கு வெயில மறைக்குது."

"ஒம்பது வருஷம் கழிச்சு வாயத் தொறந்தா உருளைக்கிழங்குதான் வருதா?"

"வேற என்ன வரணும்?"

"உள்ள வா. காபி போட்டிருக்கேன்."

மூன்று கப் குடித்தான். ஏலக்காய் ரொட்டியில் பாதியைக் காலி செய்தான். பிறகு இருவரும் பனியை இறக்கப் பார்த்தார்கள். டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டினார்கள், வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடித்தார்கள், தீயணைப்பு வண்டியை வரவழைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். பனி அசையவில்லை. அப்போதுதான் ரெய்னோ குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

"இது அண்ணன் சவுனாக் குழாயாச்சே!"

"வேற கிடைக்கல. திட்டணும்னா திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "சனிக்கிழம சவுனாவுக்குக் கூப்பிடாம அண்ணன் எந்த வேலையிலேருந்தாவது எழுந்து வந்திருக்காரா? அவர் குழாய் அனுப்புன பனி மட்டும் எப்படி இறங்கி வரும்?"

நடுக்கோடை விழாச் சனிக்கிழமை குழாய் அதன் இடத்துக்குத் திரும்பியது. பிர்ச் விறகு எரிந்தது. வழக்கப்படி பெண்ணுக்குத்தான் முதல் முறை. லெம்பி சூடேறிய கற்களின் மேல் தண்ணீர் ஊற்றினாள், நீராவி எழுந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல், இரண்டு வீடுகளுக்கும் நடுவில் மட்டும். ஆஸ்கர் செய்வதுபோல அதில் விழுந்து புரண்டாள். பத்து வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததுமில்லை, அழுததுமில்லை.

"அண்ணி, போதும், வீட்டுக்குள்ள போங்க! என் முறை!" என்று கத்திக்கொண்டு ரெய்னோ ஓடிவந்தான். பிங்கோ வேன் இந்த முறை நின்றே பார்த்தது. அவன் கை அசைத்தான்.

உருளைக்கிழங்கு அந்த வருடம் நன்றாகவே விளைந்தது. இப்போது நவம்பரில் குழாய் டிராக்டருக்குப் போகிறது, ஜூனில் சவுனாவுக்குத் திரும்புகிறது. எந்த மாதம் எவ்வளவு பனி விழுந்தது என்று காட்டும் சாலையோரப் பலகையில் ஜூன் மாதத்துக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அளவெடுக்கும் அதிகாரி நடுக்கோடைச் சனிக்கிழமை குச்சியோடு வருகிறார், முழங்கால் வரை என்று குறித்துக்கொள்கிறார், பிறகு தோளில் துண்டோடு ரெய்னோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்.