மறைத்த மூலை

ஆரணியில் பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பரசுராமன் யாரையும் லேசில் நம்பமாட்டான். புது டிசைனை ஒருவன் முழுசாகப் பார்த்துவிட்டால் மறுநாளே அது பத்துத் தறியில் ஓடும் ஊர் இது. அதனால் யாருக்குக் காட்டினாலும் உள்ளங்கையால் ஒரு மூலையை மறைத்துக்கொண்டுதான் காட்டுவான்.

யாரும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இலவச டிசைன் மென்பொருளில், பார்டரைத் திருப்பிப் போட்டால் ஓர் இழை தள்ளிப்போனது. நிரலில் சில வரிகள் எழுதி அதை அவனே சரிசெய்தான்.

"உருவாக்கினவங்களுக்கே அனுப்புங்க, எல்லாருக்கும் உதவும்" என்றாள் பிரவுசிங் சென்டர் நடத்தும் சிவசங்கரி. அப்படித் திருத்தங்கள் அனுப்பிப் பழகியவள். அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே அனுப்பினான், முக்கியமான நான்கு வரிகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் பதில் வந்தது.

"நாலு வரி விட்டுப்போயிருந்துச்சாம். பிரேசில்ல ஒருத்தர் எழுதிச் சேர்த்துட்டாராம். உங்க பேர்லயே வெளியிடுறாங்க" என்றாள்.

பரசுராமன் அந்த நான்கு வரிகளைப் படித்தான். அவனுடையதைவிட நன்றாகவே இருந்தன.

"அவன் பேரு எங்க?"

"வேணாம்னுட்டாராம்."

பரசுராமன் திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துழாவினான்.

"அப்போ அவன் எந்த மூலைய மறைச்சு வெச்சிகினு இருக்கான் மேடம்?"