மட்டில்டாவின் தகப்பன்

…இல்லை, ‘அநேகமாக’ என்று எழுத மாட்டாள், வேணுகா அதை எழுதவே மாட்டாள், கிழவர் கெஞ்சினாலும் சரி, சன்னலுக்கு வெளியே கிடக்கிற சுவிஸின் சூக் ஏரியையே எழுதிக் கொடுத்தாலும் சரி… எதிரே கிழவர் ஹெர் அம்ரைன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவளுடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கே வருகிறார், பாவம், இங்கிலாந்துக்காரியான தாயின் வழியே தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடம் ஏறிப்போய், நோர்மண்டியிலிருந்து கப்பலில் வந்து நாடு பிடித்த ஒரு பிரபுவின் மடியில் உட்கார்ந்துவிட வேண்டும் அவருக்கு, அதற்குத்தானே வம்சாவளி ஆராய்கிறவள் என்று அவளைப் பிடித்தார், சுவரில் மாட்ட அந்தப் பிரபு வம்சத்தின் கேடயச் சின்னம்கூட வரைந்தாயிற்று. மட்டில்டா என்கிற ஒருத்திவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அவளுடைய புருஷன் பெயர் இருக்கிறது, அவள் மடத்துக்குக் கொடுத்த நிலம் இருக்கிறது, தகப்பன் பெயர் மட்டும் எந்தச் சாசனத்திலும் இல்லை. பிரபுவின் மகளாக இருக்கலாம், அவனுடைய குதிரைக்காரனின் மகளாகவும் இருக்கலாம். “அநேகமாக அவருடைய மகள் என்று போட்டால் என்ன?” என்கிறார் கிழவர். ஆதாரம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று இனிமையாகச் சொன்னாள், அவருடைய காது சிவப்பதைப் பார்க்க ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது, தெரியவில்லை.

கைப்பையில் போன் அதிர்கிறது, தம்பி தேனுஜன்தான், விடமாட்டான், அவனுக்கு கோபிஷாவைக் கட்ட வேண்டும், இன்டர்லாக்கன் ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிற பெண், நல்ல பெண்தான், யார் இல்லை என்றது… அப்பாதான் சொன்னார், “பிள்ளை, நீ வெள்ளையளின்ர பரம்பரையெல்லாம் தோண்டுறாய், இந்தப் பெட்டை ஆரின்ர ஆக்கள் எண்டு ஒருக்காப் பார்.” அதற்குச் சாசனம் எதற்கு, இணையத்தில் நம்மாட்களின் மரண அறிவித்தல்கள் போதுமே, எந்த ஊரில் பிறந்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், யார் கனடா, யார் லண்டன், நோர்மன் பாதிரிமார்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதவில்லை. கோபிஷாவின் அப்பப்பாவுடைய அறிவித்தலில் மட்டும் தாய் தகப்பன் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை. எழுதியவர்கள் மறந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். வேணுகா தன் அப்பாவிடம், “அநேகமா அந்தச் சாதிதான் அப்பா, இல்லாட்டி ஏன் மறைக்கினம்?” என்றாள். எந்தச் சாதி என்று அவரும் கேட்கவில்லை. அன்றே பெண்வீட்டுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்.

கிழவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளி நடையில் நின்று போனை எடுத்தாள். “அக்கா, அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்,” என்றான் தம்பி, “அப்பப்பா அநாதை விடுதியில வளந்தவராம், தாய் தேப்பன் ஆரெண்டு அவருக்கே தெரியாதாம். அப்பா உங்கட சொல்லைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். தெரியாது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, அதுவே காணும்.” தெரியாது… உண்மையும் அதுதானே, கிழவருக்குச் சொன்ன அதே நேர்மைதானே, ஒரு சொல், சொன்னால் அப்பா முணுமுணுத்துக்கொண்டாவது இறங்கி வருவார். முன்பு சயன் என்றவனை வேணுகா விரும்பியபோது மட்டும் யார் ஆதாரம் தேடினார்கள், சித்தப்பா ஊருக்கு ஒரு போன் போட்டார், பொடியன் சரிவராது என்றார், அவ்வளவுதான், தம்பி இவன் அப்போது சோபாவில் கிடந்து கேம் விளையாடினான், தலையைக்கூட நிமிர்த்தவில்லை, சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்… தெரியாமல் இருந்தால் குற்றமில்லையா?

“இல்லைத் தம்பி,” என்றாள், “நான் வடிவாப் பாத்தனான். உறுதி.”

அவன் போனை வைத்துவிட்டான். நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்து நடையிலேயே கொஞ்சம் நின்றாள், கனக்கவில்லை, விரும்பியவரைக் கட்ட முடியாமல் இனி வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் தனியாக இருக்கப்போவதில்லை என்றுதான் தோன்றியது, அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.