கிருபாநிதிக்கு ஒதுக்கிய குழாய்

விடியுமுன்பே குழிக்குள் இறங்கிவிடுவோம். புதுத் துறைமுகச் சாலைக்கு அடியில் மழைநீர் போக, சிமெண்டுக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்திப் புதைக்கும் வேலை. உப்புக்காற்று கண்ணைக் கரிக்கும். தோண்டத் தோண்டக் கடல் ஊறும். வடத்தில் தொங்கும் குழாயைத் தோளால் முட்டி முட்டி வாயோடு வாய் சேர்ப்போம். ஐராவதமே வந்தாலும் அந்தக் கனத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பியிருக்கும்.

காண்டிராக்டர் கிருபாநிதிக்கு அந்தக் கஷ்டமில்லை. அவருடைய தொப்பை முதலில் வந்து டீ குடித்து முடித்தபிறகுதான் அவர் வந்து சேர்வார்.

குழாயை மண் போட்டு மூடியதும் ஒருவன் விளக்கோடு உள்ளே தவழ்ந்து போய் உட்காருவான். மேலே சரக்கு லாரி ஓடும். இணைப்பு அசைகிறதா என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று போனவன் இஞ்ஞாசி, அந்தக் குழாயைப் பொருத்தியவனே. மேலே மார்பளவு மண் வேண்டும்; கிருபாநிதி முழங்காலளவோடு நிறுத்தி, "லாரிய ஓட்டுலே" என்றார். லாரி ஏறியதும் ஒரு குழாய் அமிழ்ந்தது, அடுத்தது அசையவில்லை. இணைப்பு வாய் பிளந்தது. லாரி கடந்து அது திரும்ப மூடியபோது இஞ்ஞாசியின் வலது கை நடுவில் இருந்தது.

"பொருத்தத் தெரியாதவன். அவனுக்கு இனி இங்க வேலை கிடையாது" என்றார் கிருபாநிதி.

மறுநாள் இளம் இன்ஜினியர் ஜெபசீலன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே மணலில் விரல்நீளத் தகரக் குழாய்கள் வரிசையாக. மணல் நிறைய இருக்கையில் மேலே இரும்புக்கட்டியை வைத்தார். குழாய்கள் எல்லாம் சேர்ந்து லேசாக அமுங்கின. மேல் மணலைப் பாதி வழித்தெடுத்துவிட்டு அதே கட்டியை வைத்தார். ஒன்று மட்டும் தலைகுனிய, இணைப்பு பிளந்தது.

"பொருத்தினது சரிதான். மேல மண்ணு பத்தல" என்றார்.

கிருபாநிதி சிரித்தார். "மணல் வச்சு விளையாடுத வயசா தம்பி? பெட்டி வேற, ரோடு வேற."

மண் சுமக்கும் இசக்கியம்மாள் கூடையைக் கவிழ்த்தாள். "அப்போ ரோட்டுலயே பாப்போம் முதலாளி. அங்கன கெடக்கது ஒங்க மச்சினன் பொருத்தின குழாய். இஞ்ஞாசி கை படல. மேல அதே முழங்கால் மண்ணு. உள்ள போயி இருங்க, லாரிய விடுதோம்."

"ஏளா, யார்ட்ட பேசுத?"

"விளக்கு நான் தாரேன்."

"தொப்பை நுழையாதுன்னா வெளக்கெண்ணெய் தடவுதோம்!" இது நான். அவரை அதற்குள் திணித்துப் பார்க்க எத்தனை விடியலில் கனவு கண்டிருப்பேன்!

கிருபாநிதிக்கு வேர்த்த வேர்வையில் ஓர் உப்பளமே போட்டிருக்கலாம். கால் தானாகப் பின்னுக்குப் போயிற்று. அது போதுமே எங்களுக்கு.

சாலையில் உட்கார்ந்துவிட்டோம். இஞ்ஞாசிக்கு வேலை, குழாய்க்கு மார்பளவு மண், அதுவரை எழுந்திருப்பதில்லை. லாரி வரிசை திருநெல்வேலியைத் தொட்டது. நம்பாவிட்டால் பாளையங்கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர்களும் இறங்கிவந்து எங்களோடு உட்கார்ந்தார்கள்.

"போலீசு வரும்லே" என்று கத்தினார் கிருபாநிதி.

இசக்கியம்மாள் விளக்கைக் கொளுத்திக் குழாய் வாயில் வைத்தாள். "வரட்டும். ஒங்க எடம் காலியாத்தான் கெடக்கு."

கடற்காற்று விளக்கை அணைக்கப் பார்த்தது. ஒருவர் மாற்றி ஒருவர் கை பொத்திக் காத்தோம். கைக்கட்டோடு வந்து சேர்ந்த இஞ்ஞாசி தன் முறைக்கு இடது கையை நீட்டினான்.