மயில்கழுத்து நிறத்தில் ஒரு பஸ்

எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை, மகளின் கல்யாணத்துக்கு அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நகை வேணாம், பணம் வேணாம். நம்ம ஆளுங்க நாலு பேரு வந்து நின்னாப் போதும்க்கா. மாப்பிள்ளையோட அம்மா, 'உனக்குச் சொந்தம்னு யாருமே கிடையாதா'ன்னு கேட்டுக் கேட்டே என்னைக் கொல்றாங்க."

அக்கா தையல்காரி. கையில் மட்டுமல்ல, வாயிலும் கத்திரி வைத்திருந்ததால் ஊரே அவளைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடும். நாலு பேரென்ன, ஒரு படையையே கூட்டி வருகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டாள். வருவதாகத் தலையாட்டிய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி துணி எடுத்தாள். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு நீளக் கவுன். யார் மேலும் டேப்பை வைக்கவில்லை. ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், அளவு அவள் கண்ணில் உட்கார்ந்துவிடும்.

பட்டன் வைத்து முடிக்கிற நேரத்தில் ஆளாளுக்குக் கைவிரித்தார்கள். கூடப் பிறந்த பெரியண்ணனே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டானாம். மாமாவுக்கு நீளப் பயணம் ஒத்துக்கொள்ளாதாம். சித்தி குடும்பம் சாக்குகூடச் சொல்லவில்லை, போனையே எடுக்கவில்லை. இதைத் தங்கையிடம் சொல்ல, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்திரியக்காவுக்கு வாய் வரவில்லை. தைத்ததையெல்லாம் ஒரு பெரிய பையில் திணித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தன்னந்தனியாக பஸ் ஏறினாள்.

எல்லையில் எல்லோரையும் இறக்கி, ஒரு நீள அறைக்குள் வரிசையில் நிறுத்தினார்கள். பெயின்ட் உரிந்த சுவர், காற்றைத் தவிர மற்றதெல்லாம் தருகிற மின்விசிறி, பெட்டிகளைத் திறந்து வைக்கத் தகரம் போர்த்திய மேஜை. மேஜைக்குப் பின்னால் நின்ற சுங்க அதிகாரியின் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததை அந்தக் கலக்கத்திலும் கத்திரியக்கா கவனிக்கத் தவறவில்லை.

அதிகாரி பையைக் கவிழ்த்தார். மேஜை மறைந்துபோனது.

"ஒரு ஆளுக்கு இத்தனை துணியா? எல்லாம் புதுசு வேற."

"கல்யாணத்துக்குங்க."

"சரி, இதையெல்லாம் யாரு போடப்போறாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளாக ஓடி ஒளிந்துகொண்டிருந்தாள்.

"யாரும் இல்லங்க. போடறேன்னு சொன்னவங்க ஒருத்தரும் வரல. தங்கச்சி, ஆளுங்க வருவாங்கன்னு பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. நான் மட்டும் போய் எறங்கினா அவ முகத்த எப்படிப் பாக்கறதுன்னு தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள்.

அதிகாரி மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "பையில இருந்தா அது சரக்கு. லைசென்ஸ் இல்லாம விட மாட்டேன், இங்கேயே வச்சுட்டுப் போகணும். உடம்புல இருந்தா அது அவங்கவங்க உடுப்பு. அதப் பத்திக் கேக்க எனக்கு அதிகாரம் இல்ல. நான் டீ குடிச்சிட்டு வரேன். வர்றதுக்குள்ள ஒரு முடிவு எடுங்க."

அவர் போனதும் பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பெரிய சட்டை எனக்குப் பத்துமாங்க?"

கத்திரியக்கா நிமிர்ந்து பார்த்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை.

"திரும்புங்க. கைய விரிங்க. பெரியண்ணன் சட்டை, உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கும். தொப்பைய மட்டும் கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அப்புறம் அந்த அறை கடைசிநேரத் தையல்கடையாகிவிட்டது. நர்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சித்தியும் சித்தி மகளும் ஆனார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஒரே நிறத்தில் உடுத்த இன்னொரு வாய்ப்பு என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. மற்றவர்களும் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொள்ள, மிஞ்சியது, ஜன்னல் சீட்டுக்காக வழி முழுக்கச் சண்டை போட்டு வந்த சிடுமூஞ்சிப் பெரியவர் ஒருவர்தான். மாமாவின் சட்டை அவர் அளவுக்கே இருந்தது. எனக்கெதுக்கு இந்த வேஷம் என்று எரிந்து விழுந்தவர், போட்டுக்கொண்ட பிறகு கை நீளம் என்று குறை சொன்னார். கத்திரியக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, நின்ற இடத்திலேயே மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அதிகாரி வந்தபோது அறை முழுக்க மயில்கழுத்து நிறம். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"காலிப் பைதானே? போங்க."

இறங்குகிற இடத்தில் கழற்றித் திருப்பித் தந்துவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே கத்திரியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். தங்கை தனியாக வரவில்லை. பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா.

முதலில் இறங்கியது சிடுமூஞ்சிப் பெரியவர். பின்னாலேயே ஜோடி, நர்சுகள், மற்றவர்கள், கடைசியில் டிரைவர். மாப்பிள்ளையின் அம்மாவின் கைகள் தானாக அவிழ்ந்தன.

"இத்தனை பேருமா உங்க ஆளுங்க?"

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கத்திரியக்கா உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். பெரியவர் முந்திக்கொண்டார்.

"நான் பொண்ணோட அம்மாவுக்கு மாமாங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? எனக்கு முன்வரிசையில சீட் வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

"எனக்கு நாளை மறுநாள்தான் திரும்புற டிரிப்பு" என்றார் டிரைவர். நாங்களும் வருகிறோம் என்றது ஜோடி. மாப்பிள்ளையின் அம்மா, சமையல்காரருக்குச் சொன்ன கணக்கு பத்தாதே என்று பதறிப்போய், போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார்.

தங்கை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காதோடு காதாகக் கேட்டாள்.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"அளவு சரியா இருந்தவங்கடீ."

தங்கை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெரியண்ணன் சட்டையில் நின்ற டிரைவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"வாங்கண்ணே" என்றாள். "வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?"