குழி வெட்டாத ஞாயிறு

சுபஹுத் தொழுதுவிட்டு லத்தீப் குழிவெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் ஒன்பது குழி வெட்ட வேண்டும், ஒன்பது குழி மூட வேண்டும். கோல்ஃப் ஆடுகிறவர்கள் நேற்றைய குழியில் இன்று ஆடமாட்டார்கள். சுற்றி மிதிபட்டுப் புல் நைந்துவிடுமாம். ஆகவே தினமும் விடியலில் ஒவ்வொரு பச்சைத் திட்டிலும் புது இடம் பார்த்து வெட்டி, பெயர்ந்து வரும் மண்ணையும் புல்லையும் அப்படியே கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அமுக்கி, தழும்பு தெரியாமல் ஆக்கவேண்டும். அவன் பதினொரு வருடமாகச் செய்யும் வேலை இதுதான்.

பேருக்குத்தான் அது மண். முழுக்கக் கடல் மணல். முதலில் தண்ணீர் ஊற்றி, அது ஊறும்வரை நூறு எண்ணிப் பொறுத்து, பிறகுதான் இரும்பை இறக்கலாம். பொறுக்காதவன் கையில் விளிம்பு பொலபொலவென்று சரிந்துவிடும். கைப்பிடியைத் திருகித் திருகி இறக்குகையில் தோள்பட்டை கழன்று வருவதுபோல் வலிக்கும். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். பனியில் நனைந்த சாரம் தொடையோடு ஒட்டும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. ஏழாவது திட்டுக்கு முன்னாலுள்ள மணல் கிடங்கில், பந்தை மடக்குவதற்கென்றே வெட்டிவிட்ட பள்ளத்தில், பவுலினா நின்று கொண்டிருந்தாள். பள்ளிவாசல்துறைக்காரி. கணவன் மனுவேல் களப்பில் வலை போடுகிறவன். வலையில் மீன் குறையக் குறைய, அவள் கூலிக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் கம்பனி மூலம் இங்கே வந்து சேர்ந்தவள். நீளமான மரவாரியால் கிடங்கு மணலைச் சீராக வாருவது அவள் வேலை. அதற்கும் ஒரு முறை உண்டு. வாரிக்கொண்டே பின்னால் நடந்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு வெளியேற வேண்டும். மனிதர் வந்துபோன சுவடு மணலில் இருக்கக் கூடாது.

"நானா, இஞ்ச பாருங்கோ. ராத்திரி கழுதை வந்து உருண்டிருக்கு. எண்ட மாமி படுத்தெழும்பின பாய் மாதிரிக் கிடக்கு."

"மாமிக்குக் கேட்டா உனக்கு இண்டைக்குச் சோறில்ல."

"நீங்க எங்க வெட்டுறீங்க?"

"கிடங்குக்கு நேர பின்னால. மெனேஜர் சொல்லிட்டார். சனிக்கிழமைக்காரங்க கொஞ்சம் கஷ்டப்படட்டுமாம்."

"அப்ப நான் கெதியா முடிக்கிறன்."

"மெதுவாச் செய், தங்கச்சி. வெயில் இன்னும் பனைக்கு மேல வரயில்ல. ஆடுற ஆக்கள் வர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு."

அந்த அரை மணித்தியாலம் இல்லாமல் போயிருந்தது லத்தீபுக்குத் தெரியாது. கிளப்பின் வாராந்தச் செய்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் பன்னிரண்டரைக்குப் பலகையில் ஏறும். அந்த நேரம் அவனும் பாதி ஆட்களும் ஜும்ஆவுக்குப் போயிருப்பார்கள். மீதிப்பேர் கொட்டிலில் சோற்றுப் பொதியை அவிழ்ப்பார்கள். பலகை இருப்பதோ குளிரூட்டிய மண்டபத்துக்குள். சேற்றுக் காலோடு யாரும் அங்கே நுழைய முடியாது. எழுத்தோ இங்கிலீஷ். 'இந்தச் சனி முதல் ஆட்டம் அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கும்' என்று அதில் எழுதியிருந்தது. வாசிக்க வேண்டியவர்கள் வாசித்திருந்தார்கள்.

பவுலினா கடைசி வரியை வாரிக்கொண்டு பின்னால் நடந்துகொண்டிருந்தாள். தூரத்தில் யாரோ கத்தினார்கள். பந்து வருகிறது, தலையைக் கவிழ் என்பதற்கான கூச்சல் அது. அதைக் கேட்டால் குனிய வேண்டும் என்று வேலைக்காரர் எவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுதானே மனித வழக்கம். அவள் திரும்பிப் பார்த்தாள்.

தேங்காய் பாறையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வாரி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். லத்தீப் ஓடிவந்து தூக்கியபோது இடது கண் இருந்த இடத்தில் இரத்தமும் மணலுமாக இருந்தது. அவளில் பட்டுத் தெறித்த பந்து உருண்டு போய், அவன் சற்றுமுன் வெட்டிய குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

புல் வெட்டும் இயந்திரக்காரன் அன்ஸார் புல் ஏற்றும் பெட்டியை இழுத்துவந்தான். அவளை அதில் கிடத்திக்கொண்டு போனார்கள். பந்தை அடித்தவர் கொழும்பிலிருந்து வந்த உறுப்பினர். தொப்பியைக் கழற்றி இரண்டு முறை 'சொறி' என்றார். பிறகு அந்த ஒரு சாண் தூரப் பந்தைத் தட்டிக் குழிக்குள் போட்டுவிட்டுத்தான் எட்டாவதுக்கு நடந்தார்.

புதன்கிழமை கொழும்பிலிருந்து சேதி வந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மெனேஜர் றொகான் லத்தீபைக் கூப்பிட்டனுப்பினார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கதிரையைக் காட்டினார்.

"இரிங்க, லத்தீப்."

"நிக்கிறன் சேர். உடுப்பெல்லாம் மண்."

மேசையில் தமிழில் அடித்த ஒரு தாள் இருந்தது. நேர மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, பவுலினா அதை அறிந்திருந்தும் ஆட்டம் நடக்கும் இடத்தில் நின்றார் என்று எழுதி, கீழே சாட்சி என்று இடம் விட்டிருந்தது.

"அவக்குத் தெரியா சேர். எனக்கே தெரியா."

"நோட்டீஸ் வெள்ளிக்கிழமையே ஒட்டினது. வாசிக்காதது யார்ட பிழை?"

"கழுதையும்தான் கிடங்குக்குள்ள வருது. அதுக்கும் நோட்டீஸ் ஒட்டினீங்களா?"

றொகான் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "உங்கட பகிடி எனக்குப் பிடிக்கும். நானும் சிலாபத்து மீன்காரன்ட மகன்தான், லத்தீப். எனக்கு வயித்தெரிச்சல் இல்லையெண்டு நினைக்காதீங்க. ஆனா அவ மேன்பவர் ஆள். கிளப்புக்குப் பொறுப்பில்ல."

"மேன்பவர்காரர்ட்டக் கேட்டா கிளப்பைக் காட்டுறாங்க."

"அது அவங்கட கதை. நீங்க போடுற கையெழுத்து உங்கட கதை." குரல் தணிந்தது. "ஞாயிற்றுக்கிழமை கப்டன் கப் போட்டி. பெரிய ஆக்கள் வாறாங்க. அண்டைக்குப் பகலுக்குள்ள இது என்ட மேசையில இருந்தா, மாசக் கடைசியில நீங்க நிரந்தரம். இல்லாட்டி திங்கக்கிழமை வேற மேன்பவர் ஆக்கள் வருவாங்க. உங்களுக்கு மட்டுமில்ல, பதினொரு பேருக்கும் பதிலா."

லத்தீப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முஸ்லிம்களை விரட்டியபோது ஏழு வயதில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து, உடுத்த உடுப்போடு இந்தக் கல்பிட்டிக் கரையில் இறக்கப்பட்டவன் அவன். ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, உப்பு சுமந்து, வெங்காயம் பிடுங்கி, கடைசியில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வந்து சேர்ந்தவன். நிரந்தரம் என்ற சொல் அவனுக்கு எதைக் காட்டும் என்று றொகானுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜும்ஆவில் இமாம் என்ன ஓதினார் என்றே அன்று அவன் காதில் விழவில்லை. ஸுஜூதில் தலை வைத்தபோது பையிலிருந்த தாள் நெஞ்சில் குத்தியது.

திரும்பி வந்தபோது கொட்டிலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். பவுலினாவின் சோற்றுப் பெட்டியையும் செருப்பையும் எடுத்துப் போக வந்த மனுவேல், மூலையில் ஓர் உரப்பையின்மேல் குந்தியிருந்தான். மண்டபம் கூட்டி, தேத்தண்ணி பரிமாறும் றிஃப்னா உள்ளே வந்தாள். உயர்தரம் படித்த பிள்ளை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். இந்த வாரச் செய்தி. பசை காய முன் பலகையிலிருந்து உரித்து வந்திருந்தாள்.

"வாசிக்கட்டா? வாசிச்சா எல்லாருக்கும் கோவம் வரும்."

"வாசி, புள்ள," என்றார் கிழக்குப் பக்கக் கிடங்குகளைப் பார்க்கும் லாபிர்.

அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஞாயிறு கப்டன் கப். பகல் விருந்தில் கல்பிட்டி நண்டு. கழுதைகள் வந்து நாலாவது திட்டில் புல்லைச் சேதப்படுத்தியது மிகுந்த வருத்தத்துக்குரியது, வேலி போடப்படும். பிறகு அவள் நிறுத்தினாள்.

"மிச்சம்?"

"வாரத்தின் அதிர்ஷ்டத் துள்ளல்," என்றாள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சனிக்கிழமை ஏழாவது குழியில, கிடங்குக்குள்ள போக வேண்டிய பந்து எதிர்பாராத விதமாத் துள்ளி, குழிக்குப் பக்கத்துல போய் நிண்டு வெற்றியைக் குடுத்ததாம். அடிச்சவருக்கு ஒரு விஸ்கிப் போத்தல் பரிசாம்."

"பவுலினாட பேர்?"

"இல்ல."

"கண் போனது?"

"ஒரு எழுத்தும் இல்ல, நானா. கழுதைக்கு மூண்டு வரி ஈக்கு."

மனுவேல் செருப்பிலிருந்த மணலை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "எதில பட்டுத் துள்ளினதெண்டு அந்த மனிசன் கேட்கவே இல்லையோ?"

அன்ஸார் எழுந்து கொட்டில் தகரத்தில் ஓங்கிக் குத்தினான். "மெஷினுக்கு நெருப்பு வைப்பம். திட்டெல்லாத்தையும் கிண்டிப் போடுவம்!" பிறகு லத்தீப் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன பேசாம நிக்கிறீங்க? காலையில கதிரையெல்லாம் குடுத்தாங்களாமே. பொக்கட்ல என்ன புடைச்சிருக்கு?"

லத்தீப் தாளை எடுத்துப் போட்டான். றிஃப்னா அதையும் வாசித்தாள். ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் அவன் மண்ணைப் பார்த்துப் பேசினான்.

"குழியை அந்த இடத்துல வெட்டினது நான். மெதுவாச் செய், நேரம் இருக்கெண்டு அவக்குச் சொன்னதும் நான். மனுவேல், நீ என்னை அடிச்சாலும் நான் கை தூக்க மாட்டன்."

மனுவேல் நிமிர்ந்தான். "அவ சொன்னா, நானாதான் தூக்கி எடுத்தாரெண்டு. வேற ஒண்டும் சொல்லயில்ல." பிறகு செருப்பைக் கீழே வைத்து, "கையெழுத்துப் போட்டீங்களா?" என்றான்.

"இல்ல."

"போடாட்டித் திங்கக்கிழமை எல்லாரும் ரோட்டில," என்றார் லாபிர். "எனக்கு மூண்டு பொம்புளப் புள்ளையள். புது ஆக்கள் வந்தா என்ன செய்ய?"

"வரட்டும். அவங்களுக்கும் வெள்ளிக்கிழமைப் பலகை வாசிக்க ஏலாது. அடுத்த பந்து அவங்கள்ட மூஞ்சில." லத்தீபின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "அன்ஸார், நெருப்பெல்லாம் வேணாம். ஒரு புல்லும் கருகக் கூடாது. கழுதை செய்ததை நாங்க செய்யத் தேவையில்ல. ஞாயிற்றுக்கிழமை எங்கட வேலையைத்தான் செய்வம். பாதி வேலை. வெட்டுறதில்ல. மூடுறது மட்டும்."

கொட்டிலில் அது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் சிரித்தது றிஃப்னா.

ஞாயிறு விடியலில் பதினொரு பேரும் மனுவேலோடு ஒன்றாக இறங்கினார்கள். கொட்டிலுக்குப் பின்னாலிருந்த நாற்றுப் பாத்தியில் லத்தீப் நனைத்தான், நூறு எண்ணினான், திருகினான். ஒன்பது உருளை மண்ணைப் புல்லோடு பெயர்த்துக் கொடுத்தான். ஒவ்வொரு குழியிலிருந்தும் வெள்ளைக் கிண்ணத்தைக் கழற்றி, உருளையை இறக்கி, அமுக்கி, தண்ணீர் தெளித்தார்கள். லாபிர் மண்டபப் பக்கம் பார்த்துப் பார்த்தே அமுக்கினார். ஆனாலும் அவர் மூடிய குழியில்தான் ஓரம் தெரியவே இல்லை. குழிக்கு அடையாளமாக நட்டிருந்த ஒன்பது கொடிகளையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு, ஏழாவது கிடங்கின் கரையில் வந்து குந்தினார்கள். மனுவேல் ஏழாவது கொடியைப் பிடித்திருந்தான்.

முதல் கோஷ்டி ஆடி வந்து முதல் திட்டில் நின்று நாலு பக்கமும் தேடியது. பிறகு ஆடுகளத்துச் சிறு மின்வண்டியில் றொகான் பறந்து வந்தார்.

"குழி எங்க? லத்தீப், குழி எங்கடா?"

"வெட்டயில்ல சேர்."

"ஏன்?"

"பவுலினா கிடங்கு வாரயில்ல. கிடங்கு வாராம குழி வெட்டுற வழக்கம் இல்ல."

"இது நாசவேலை! பொலிஸுக்குச் சொல்லுவன்!"

"எதை உடைச்சோம் சேர்? நல்லாப் பாருங்க. ஒரு புல்லாவது சரிஞ்சிருக்கா?"

றொகான் ஒரு கொடியையும் ஒரு கிண்ணத்தையும் பறித்தார். கொட்டிலிலிருந்து குழிவெட்டியைத் தூக்கி வந்து, பெரிய மனிதர்கள் பார்த்திருக்க, ஏழாவது திட்டின் நடுவில் குத்தி ஏறி மிதித்தார். தண்ணீர் ஊற்றவில்லை, எண்ணவுமில்லை. காய்ந்த மணல் பொலபொலவென்று சரிந்தது. இரண்டாவது தடவை குத்தினார். வாளி வாய் அகலத்துக்குக் கிழிந்தது. கிளப்பின் கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மீன்காரன்ட மகனுக்கு ஈர மணலும் மறந்து போச்சு," என்றான் மனுவேல்.

வியர்வை வழிய றொகான் நிமிர்ந்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

லத்தீப் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தான். சாட்சி என்ற இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அதை அந்தக் கிழிந்த குழிக்குள் வைத்து, மேலே ஒரு பிடி மணல் போட்டான்.

"அவட கண் இஞ்ச போனதெண்டு கிளப் எழுதிக் குடுக்கோணும். அவட வேலை அவக்கு இருக்கோணும். வேலையாக்கள் உள்ளுக்கு நிக்கையில ஒரு பந்தும் பறக்கக் கூடாது. அதுவரைக்கும் குழி இல்ல."

"திங்கக்கிழமை பாப்பம்," என்று றொகான் பல்லைக் கடித்தார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

மண்டபப் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் றிஃப்னா. தலைக்குமேல் அந்த அறிவித்தல் பலகை. பின்னால் நண்டு கழுவிய ஈரக் கையோடு குசினியின் சிங்களப் பெடியன்கள் நாலு பேர். பலகையைக் கிடங்கு மணலில் ஊன்றி, பழைய தாள்களைக் கிழித்தெறிந்தாள். கையில் கறுப்பு மார்க்கர்.

"சொல்லுங்க, நானா. தமிழில எழுதுறன். கீழ சிங்களத்திலயும் போடுறன்."

லத்தீப் சொன்னான். அவள் எழுதியதை மனுவேலுக்காக உரக்க வாசித்தாள்: "இந்த வாரச் செய்தி. ஏழாவது குழியில் வேலை செய்துகொண்டிருந்த பவுலினாவின் இடது கண் பறிபோனது. அவர் பிழை ஏதுமில்லை. சாட்சி, பதினொரு பேர்."

"பதினைஞ்சு," என்றான் குசினிக்காரன் ஒருவன் கொச்சைத் தமிழில். அவள் திருத்தினாள்.

வெளி வீதியில் பொலிஸ் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது. லாபிர் எழும்பப் பார்த்தார். அன்ஸார் அவர் தோளில் கை வைத்தான். ஒருவரும் எழும்பவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"அடுத்த செய்தி என்ன எழுத?" என்றாள் றிஃப்னா.

"இடம் விடு, புள்ள," என்றான் லத்தீப், தன் கையிலிருந்த கொடியை மணலில் இன்னும் ஆழமாகத் திருகி இறக்கியபடி. "அது இனித்தான் நடக்கோணும்."