கைராசியும் கால் சுற்றும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்லும்படி வைக்க வேண்டாம். பேருந்துப் பணிமனையில் எனக்கு 'ராங்கி' என்றுதான் பேர். பிரேக் பார்ப்பதிலிருந்து இன்ஜின் இறக்குவது வரை ஒன்பது வருடமாகச் செய்கிற ஃபிட்டர் நான். அது போக, மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் வருடத்தில் பதினைந்து நாளும் ராணுவத்தின் ரிசர்வ் படையில், லாரிப் பிரிவில் சார்ஜென்ட்.

எங்கள் ஃபோர்மேனுக்குப் பட்டப்பேர் 'கைராசி'. கிளம்பாத வண்டியும் அவர் கை வைத்தால் கிளம்பும் என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரையும்விட அவர் அதிகமாகச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே லாரிப் பிரிவில்தான் இருக்கிறார். என்னைவிட நாலு வருடம் முன்னால் சேர்ந்தவர். ஆனால் பரீட்சை எழுதச் சொன்னால் மனுஷனுக்குப் பல்வலி வந்துவிடும். நான் ஒன்று விடாமல் எழுதினேன். அதனால் முகாமில் நான் சார்ஜென்ட், அவர் டிரைவர். வெள்ளிக்கிழமை "ஏம்மா, அந்த ஜாக்கியை எடுத்துட்டு வா" என்று அதட்டுகிறவர், சனிக்கிழமை காலையில் விறைப்பாக நின்று "சரி, சார்ஜென்ட்" என்பார்.

"பணிமனையில அவர் உன்னை விரட்டுறார், முகாம்ல நீ அவரை விரட்டுற. நல்ல பொருத்தம்தான் போ" என்று என் மாமியார் சிரிப்பார்.

பணிமனையில் உதவி மேலாளர் பதவி காலியாயிற்று. ஃபோர்மேனுக்கு இரண்டு முறை கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கும் என்று மறுத்துவிட்டார். நான் விண்ணப்பித்தேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். யாருக்கும் நிரூபிப்பதற்காக இல்லை, அந்தப் பணிமனையை என்னைவிட ஒழுங்காக நடத்த ஆள் கிடையாது என்று எனக்குத் தெரியும். இந்த முறை தவறினால் அடுத்து எப்போது காலியாகுமோ, அப்போது எனக்கு நரைத்திருக்கும். நேர்காணல் திங்கட்கிழமை பத்து மணிக்கு. கேட்பவர்கள் மேலாளர் அம்மாவும் பணியாளர் பிரிவு அதிகாரியும். என்னோடு தினமும் வேலை செய்கிறவர் என்பதால் கருத்துச் சொல்ல ஃபோர்மேனும் உட்காருவார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை எங்களுக்கு முகாம். ஆறு லாரிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டும். சக்கரங்களை இறுக்கி வைப்பது அந்தந்த டிரைவரின் வேலை, கிளம்பும் முன் வண்டிகளைச் சோதிப்பது என் வேலை. டார்க் ஸ்பானர் என்று ஒன்று உண்டு. சக்கரத்து நட்டு எவ்வளவு இறுக வேண்டுமோ அவ்வளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், சரியாக இறுக்கியதற்கு அடையாளமாக, நட்டிலிருந்து சக்கரம் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பணிமனையிலும் அப்படி ஒன்று அலமாரியில் தூங்குகிறது. கைராசி இருக்கும் இடத்தில் அதை யார் தொடுவார்கள்?

ஃபோர்மேனின் லாரியில் மஞ்சள் கோடுகள் அச்சடித்ததுபோல நேராக இருந்தன. ஸ்பானரை வைத்தேன். முதல் நட்டு, டிக். இரண்டாவது, டிக். மூன்றாவது கால் சுற்று திரும்பியது, அதற்கப்புறம்தான் டிக்.

"டிரைவர், ஸ்பானர் போட்டீங்களா இல்லையா?"

"முப்பது வருஷக் கை சார்ஜென்ட். இதுக்குமேல ஸ்பானர் எதுக்கு?" என்று சிரித்தவர், பக்கத்தில் வந்து குரலை இறக்கினார். "திங்கக்கிழமை அந்த ரூம்ல நானும் உக்காந்திருப்பேன். ஞாபகம் இருக்குல்லம்மா?"

பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன். அந்த நட்டை நானே இறுக்கி, புதுக்கோடு இழுத்துவிட்டு நகர்ந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பின்னால் பதினெட்டுப் பேர் முதுகில் பையோடு ஏறுவதற்கு நின்றிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் திங்கட்கிழமையைப் பற்றித் தெரியாது.

"இந்த வண்டி போகாது. ஆளுங்களை மத்த லாரியில ஏத்துங்க. டிரைவர், நாப்பது நட்டையும் கழட்டி, ஸ்பானர் போட்டு, திரும்பக் கோடு போடுங்க. நான் நின்னு பாக்கறேன்."

சின்ன வயசு டிரைவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாற்பதாவது டிக் கேட்டபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறிக்கையிலும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் சொன்னதும் என் கணவர் தலையில் கை வைத்தார். "ஒரே ஒரு நட்டு! கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?"

"நீ சும்மா இருடா" என்றார் மாமியார். "அந்த லாரியில நீ ஏறியிருந்தா தெரியும்."

திங்கட்கிழமை பணியாளர் பிரிவு அதிகாரிதான் ஆரம்பித்தார். "நீங்க அடிக்கடி ரிசர்வ் படைக்குப் போயிடறீங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னா பொறுப்பான பதவி எப்படிச் சரிப்படும்?"

"பத்து நாள் லீவு போடறவங்க வேலை பத்து நாள் நிக்குது சார். நான் போறதுக்கு முன்னாடி யாரு என்ன பாக்கணும்னு எழுதி ஒட்டிட்டுத்தான் போறேன், அதையும் அங்கதான் கத்துக்கிட்டேன்" என்றேன். வாய் அதோடு நிற்குமா? "அப்புறம், ஃபோர்மேன் அண்ணனும் அதே நாள்ல அதே முகாமுக்குத்தான் வர்றார். எனக்கு முன்னாடியிலிருந்தே போறார். அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். மேலாளர் அம்மா ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எப்படிப்பட்டவங்க இவங்க?"

அதற்காகவே இரண்டு நாளாகக் காத்திருந்தவர்போல அவர் கொப்புளம் விட்ட இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்தார். "பாருங்க மேடம்! வயசுக்கு ஒரு மரியாதை வேணாம்? ஒரு நட்டு, கால் சுத்து லூசு. அதுக்கு நாப்பது நட்டைக் கழட்ட வெச்சா. பொடிப்பயலுங்க முன்னாடி! நான் இன்னிக்கு இங்க உக்காருவேன்னு தெரிஞ்சே பண்ணினா. தெரிஞ்சேன்னா, நானே காதுல சொன்னேன் மேடம், அப்பவும் பண்ணினா!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சொன்னது என்னவென்று அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது. விரித்த கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நட்டு நிஜமாவே லூசா இருந்துச்சா?" என்றார் மேலாளர் அம்மா.

"கால் சுத்து."

"அது உங்க கையால இறுக்கினதா?"

"ஆமா."

"இங்க நம்ம பஸ்ஸுக்கும் நீங்க கையாலதான் இறுக்கறீங்களா?"

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அந்த மனுஷன் முப்பது வருடமாக நம்பியிருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று நாற்காலி கீழே விழ எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

"கோவமா?" என்றார் அதிகாரி.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். "பதினேழாம் நம்பரை நிறுத்துங்கடா! ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாது! அலமாரிச் சாவி எங்கடா?" கிளம்பின பேருந்து நின்றது. ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். தூசி படிந்த டார்க் ஸ்பானரைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். ஒரு நட்டு, இன்னொரு நட்டு. அப்புறம் அவர் கை அப்படியே நின்றுபோனது.

பிறகு நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்து, பணிமனை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"சார்ஜென்ட்! கொஞ்சம் கீழ வந்து பாருங்க!"

ஃபிட்டர்கள் எல்லோரும் திரும்பினார்கள். திங்கட்கிழமை, பணிமனையில், முதல் தடவையாக.

மேலாளர் அம்மா என் விண்ணப்பத்தை மூடி, மேலே கையெழுத்துப் போட்டார். "உங்களைத்தான் கூப்பிடறார். போய் வேலையைப் பாருங்க, ஆர்டர் சாயங்காலம் வரும்."

படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன். அவர் ஸ்பானரை என்னிடம் நீட்டினார். அவர் காட்டிய நட்டில் வைத்து அழுத்தினேன். கால் சுற்று திரும்பியது.

இத்தனை நீள வாய் எனக்கு, அப்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை. பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அடுத்த நட்டுக்குப் போனோம்.