அடுத்தவன் பாயிண்ட்

கல்மண்டபத்தில் கமாலுதீன் கடைக் கண்ணாடி மேசை மீது படகுக்காரன் சாவியோ தன் படகு ஜிபிஎஸ் பெட்டியை வைத்த வேகத்துக்குக் கண்ணாடி உடையாமல் தப்பியதே பெரிய விஷயம்.

“இன்னா பாய், புதுசுன்னு சொல்லி எவனோ ஓட்டித் தேஞ்சத என் தலைல கட்டிட்ட?”

“பொறுமையா பேசு மாமு. கம்பெனி சீல் போட்டு வந்துச்சு. உன் முன்னாடிதான பிரிச்சேன்?”

“சீலு! உள்ள இன்னா கீதுன்னு பாத்தியா?”

திரையில் நாற்பத்திரண்டு பாயிண்டுகள் வரிசையாக நின்றன. மகிமா ஒன்று, மகிமா இரண்டு, மகிமா மூன்று. பழவேற்காட்டுப் பக்கம் எவனோ ஒருவன் தன் மகள் பெயரில் சேர்த்து வைத்த, மீன் கிடைக்கும் இடங்கள். புது மெஷினுக்கு மகள் எங்கிருந்து வருவாள்?

சாவியோ காசிமேட்டில் தூண்டில் படகு ஓட்டுகிறவன். கடலடியில் மீன் அடையும் கல்பார்களைப் பதினோரு வருஷமாகத் தேடித் தேடி ஜிபிஎஸ் பெட்டியில் குறித்திருந்தான். மச்சானுக்குக்கூடச் சொல்லாத இடங்கள். காகிதத்தில் எழுதினால் எவனாவது எட்டிப் பார்ப்பான் என்று எழுதவும் இல்லை. முந்தைய பெட்டியை விற்றபோது எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிவிட்டு, பழையதில் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் கொடுத்தான். அந்தப் புதியது பத்தே மாதத்தில் திரை செத்துப் போனது. செத்த திரையில் எதை அழிப்பது? வாரண்டி இருக்கிறதே என்று நம்பி அப்படியே கமாலுதீனிடம் கொடுத்துத் தொலைத்தான். அதற்கு மாற்றாகக் கம்பெனி அனுப்பியதுதான் இந்த மகிமா பெட்டி.

“என் பொட்டிய வாங்கிக் குடு. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

கமாலுதீன் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள்.

“ரிப்பேர் செய்த செட்டைத்தான் மாற்றித் தருவோம் சார், வாரண்டி கார்டில் இருக்கிறது. உங்கள் செட் சரியாகி வேறொரு கஸ்டமருக்குப் போய்விட்டது. டேட்டாவை அழித்துவிட்டுத்தான் அனுப்புவோம்.”

“அழிச்சியா? அப்ப இந்த மகிமா யாரு, உன் தங்கச்சியா?”

லைன் துண்டானது. சாவியோவுக்கு அந்த போனைத் தூக்கி ரோட்டில் அடிக்க வேண்டும் போல ஆத்திரம் பொங்கியது. பதினோரு வருஷத்து உழைப்பை முகம் தெரியாத ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கார்டில் இருக்கிறதாம்!

“வுடு மாமு,” என்றார் கமாலுதீன். “அவன் எந்தக் கடலோ, எந்த ஊரோ. உன் பாயிண்ட வெச்சு இன்னா பண்ணிடப் போறான்? அவன் இடத்த வுட்டுட்டு உன் இடத்துக்கா வரப் போறான்?”

“வருவான் பாய்.”

“அத்த எப்டி அவ்ளோ கரெக்டா சொல்ற?”

சாவியோ மேசையை ஓங்கிக் குத்தினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நேத்து நான் மகிமா மூணுக்குப் போனேன் பாய்! ஐஸ் பொட்டி கொள்ளாத அளவுக்கு சங்கரா மீனு ஏத்திகினு வந்தேன். நானே போனேன், அவன் போமாட்டானா?”